டென்ட் போட இடம் பார்ப்பது: நாலு மணி இடமும் ராத்திரி மூணு மணி இடமும்

கேள்வி இதுதான். புதுச்சேரியில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாலு பேர், நாலு பேர் படுக்கும் டோம் டென்ட் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறீர்கள். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி கடலூர்ப் பக்கம் எங்காவது போட்டுத் தங்க ஆசை. இதுவரை யாரும் டென்டில் படுத்ததில்லை. கடற்கரையா, ஆற்றங்கரையா, தோப்பா? போய் இறங்கியதும் எந்த இடம் என்று எப்படி முடிவு செய்வது?

முதல் தடவை என்றால் என் ஓட்டு தோப்புக்கு. கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையில் இருக்கும் செம்மண் மேட்டில், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு முந்திரித் தோப்பு. கடற்கரை அடுத்த தடவைக்கு. ஆற்றுப்படுகை எந்தத் தடவைக்கும் வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் மீதி எல்லாம்.

சாயங்காலம் நாலு மணிக்கு நீங்கள் பார்க்கிற இடம் வேறு, ராத்திரி மூணு மணிக்கு நீங்கள் படுத்திருக்கப்போகும் இடம் வேறு. நாலு மணிக்குத் தண்ணீர் இல்லை, காற்று இல்லை, ஆள் இல்லை, எறும்புகூட இல்லை. இவையெல்லாம் ராத்திரியில் எந்த வழியாக வரும் என்று கண்டுபிடிப்பதுதான் இடம் பார்ப்பது. மண்ணைப் பார்த்தால் பாதிக்கு மேல் தெரிந்துவிடும். மீதி, பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்டால் தெரியும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது புரட்டாசி மாதத்தில், பண்ருட்டிப் பக்கம் ஒரு தோப்பில். மேடும் பள்ளமுமான இடம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் காய்ந்த முந்திரி இலை ஒரு சாண் உயரத்துக்கு மெத்தை மாதிரி கிடந்தது. கையை வைத்தால் உள்ளே அமுங்கியது. நல்ல இடம் கிடைத்தது என்று அதன்மேலேயே போட்டேன். ராத்திரி ஒரு மணி சுமாருக்கு மேற்கே மின்னி, பெரிய மழை பிடித்தது. பத்து நிமிஷத்தில் படுக்கை மிதக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் டென்டின் தரைத்துணிக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது, தண்ணீர்ப் படுக்கைமேல் உட்கார்ந்தது போல. இலை அந்த இடத்தில் ஏன் குவிந்திருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் அங்கே வந்துதான் நிற்கிறது, வரும்போது இலையையும் வாரிக்கொண்டு வருகிறது. மெத்தையைப் போட்டதே தண்ணீர்தான்! இருபது அடி தள்ளி மேட்டில், இலையே இல்லாமல் மொட்டையாக இருந்த செம்மண் விடிந்து பார்த்தபோது காய ஆரம்பித்திருந்தது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் விட்டுப்போன தடம். சருகும் குச்சியும் வரிசையாக, கோடு போட்டது போல ஒதுங்கிக் கிடந்தால் அது வெள்ளம் தொட்ட எல்லை. மண்ணின் மேல் அப்பளம் போல மெல்லிய வண்டல் ஏடு காய்ந்து, வெடித்து, ஓரம் சுருண்டிருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி வற்றியிருக்கிறது. கோரைப்புல் முளைத்திருந்தால் பேச்சே வேண்டாம், அது நீர் நிற்கும் இடம். இவை எதுவும் தெரியவில்லை, ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது என்றால் ஒரு பாட்டில் தண்ணீரை மெதுவாகத் தரையில் ஊற்றிப் பாருங்கள். செம்மண் மேட்டில் ஊற்ற ஊற்றக் குடித்துவிடும். சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணில் கண்ணாடி மாதிரி நின்று உங்களையே பார்க்கும். ஊற்றிய தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் கவனியுங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற தரை பெரும்பாலும் சமமாக இருக்காது.

லேசான சரிவு இருப்பது நல்லதுதான், தண்ணீர் நிற்காது. தலைமாடு மேட்டுப் பக்கம், கால்மாடு பள்ளத்துப் பக்கம் வருகிற மாதிரி போட வேண்டும். பக்கவாட்டில் சரிந்தால் நாலு பேரும் விடியும்போது ஒரே மூலையில் கிடப்பீர்கள். டென்டைப் பிரிப்பதற்கு முன்னால் ஒருவர் வெறும் பாயைப் போட்டு இரண்டு நிமிஷம் படுத்துப் பார்க்கட்டும். முதுகில் குத்துகிற கல், வேர், முள் எல்லாம் அப்போதே தெரியும். வெட்கப்பட வேண்டாம், நான் இன்னும் படுத்துத்தான் பார்க்கிறேன்.

டென்டைச் சுற்றிக் கால்வாய் வெட்டச் சொல்லுவார்கள். பழைய பழக்கம். அந்தக் காலத்துக் கித்தான் கூடாரத்துக்குத் தரைத்துணி கிடையாது, அதற்கு அது சரி. இப்போதைய டென்டுக்குத் தேவையில்லை, செம்மண்ணில் கெடுதலும்கூட. கேப்பர் மலைச் சரிவிலும் ஆரோவில் பக்கத்திலும் மழை அரித்து அரித்து ஆள் உயரத்துக்கும் மேலே வெட்டுப்பட்டிருக்கும் செம்மண் ஓடைகளைப் பார்த்திருப்பீர்கள். அவையும் விரல் அகலக் கோடாகத்தான் தொடங்கியிருக்கும். கால்வாய் வெட்டத் தோன்றுகிற இடம் என்றால் அது தப்பான இடம், பத்தடி மேலே போங்கள். இன்னொன்று: டென்டுக்கு அடியில் தார்ப்பாய் விரித்தால் அது டென்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் மேலிருந்து வழிகிற மழை அத்தனையும் அதில் விழுந்து நேரே உங்கள் முதுகுக்கு வரும். உள்பக்கமாக மடித்துவிடுங்கள்.

சரி, ஆற்றுக்கு வருவோம். தென்பெண்ணையில் மணல்திட்டு வெள்ளையாக, சுத்தமாக, மெத்தென்று இருக்கும். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த ஆறு நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, விழுப்புரம் வழியாக நம்மிடம் வருகிறது. உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும்போதே அங்கே எங்கோ பெய்த மழை இங்கே வந்து சேரும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. ஆனால் கடலூர்க்காரர்களைத் தென்பெண்ணை புரட்டிப் போட்டது அதற்கு அப்புறம். புயல் உள்ளே போய் மேற்கு மாவட்டங்களில் கொட்டி, டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்ட பிறகு. தை மாதத்தில் அப்படி ஒரு வெள்ளம் வராது என்பது சரிதான். ஆனாலும் ஆறு நம் ஊர் வானத்தைப் பார்த்து ஓடுவதில்லை என்பதை மறக்கக் கூடாது. ஆற்றின் அழகு வேண்டுமானால் கரைமேல் ஏறி உட்கார்ந்து பாருங்கள், படுக்கையை அதற்குள் போடாதீர்கள். கெடிலத்துக்கும் இதே பேச்சுதான். கழிமுகம் இன்னும் மோசம். தேவனாம்பட்டினத்துப் பக்கமும், சுண்ணாம்பாறு கடலில் சேரும் இடத்திலும், மணல் நேற்றிருந்த இடத்தில் இன்று இருக்காது. ஒரு பக்கம் ஆறு அரிக்கும், இன்னொரு பக்கம் அலை அரிக்கும்.

கடற்கரையில் நிறையப் பேர் செய்கிற தப்பு, ஈர மணல் முடிகிற இடத்தைக் கடலின் எல்லை என்று நினைப்பது. அது இன்றைய நாலு மணியின் எல்லை, அவ்வளவுதான். நம் கரையில் ஏற்ற இறக்கம் பெரிதில்லை, சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் சாய்வு குறைந்த மணலில் அந்த ஒரு மீட்டர் வெகுதூரம் உள்ளே வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் ஏறும். நிலா வெளிச்சத்துக்காக எல்லோரும் பௌர்ணமி பார்த்துத்தான் வருகிறார்கள், அலை அதிகம் ஏறுவதும் அன்றைக்குத்தான்.

உண்மையான எல்லையைச் செடி சொல்லும். அடம்பன் கொடி படர்ந்து, ஊதாப் பூ பூத்திருக்கிறதே, அந்தக் கொடி வேர்விட்டு நிற்கும் மேட்டுக்குக் கடல் அடிக்கடி வருவதில்லை என்று அர்த்தம். டென்ட் அந்தக் கோட்டுக்கும் உள்ளே, நிலத்தின் பக்கம் இருக்க வேண்டும். கொடிமேல் போட்டு நசுக்காதீர்கள், அது மணல்மேட்டைப் பிடித்துவைத்திருக்கிற கை. அதே மேட்டில் ராவணன் மீசை என்கிற முள்புல்லும் இருக்கும். ஊசி மாதிரி முனை, டென்டின் தரைத்துணியைச் சல்லடையாக்கிவிடும். போடுவதற்கு முன் கையால் தடவாதீர்கள், செருப்புக் காலால் தேய்த்துப் பாருங்கள்.

மணலில் டென்டோடு வரும் ஆணி நிற்காது. காற்று ஒரு இழுப்பு இழுத்தால் கையோடு வந்துவிடும். நான் பழைய ரேஷன் பைகள் ஆறு எடுத்துப் போவேன். பையில் முக்கால்வாசி மணலை நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, மேலே மிதித்துவிட்டால் யானை இழுத்தாலும் வராது. (யானையைக் கொண்டு சோதித்ததில்லை.) திரும்பும்போது பையைத் தோண்டி எடுத்து வந்துவிடுங்கள்.

அப்புறம் மீனவர்கள். ஆள் இல்லாத, சுத்தமான, அகலமான கரை என்று நீங்கள் நினைக்கும் இடம் யாரோ ஒருவருக்கு வேலை செய்யும் இடம். ஒரு தடவை நரம்பை என்கிற மீனவ ஊர்ப் பக்கம் நல்ல இடமாகப் பார்த்து டென்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வேலையை விடாமலே கேட்டார்.

"தம்பி, ராத்திரி இங்கதான் படுக்கப் போறியா?"

"ஆமாங்கய்யா. ஏன், ஏதாவது பயமா?"

"பயம்லாம் ஒண்ணுமில்ல. விடிகாலம் கரைவலை இழுப்போம். கயிறு உன் டென்டு வழியாத்தான் வரும். சொல்லிட்டன், அப்புறம் உன் இஷ்டம்."

இரண்டு பக்கமும் பத்து இருபது பேர் நின்று கடலிலிருந்து வலையைக் கரைக்கு இழுக்கும்போது அந்தக் கயிற்றுக்கு முன்னால் டென்ட் ஒரு பொருட்டா? அவரே கையைக் காட்டி, படகு ஏற்றி இறக்கும் பாதைக்கும் வலை காயப்போடும் இடத்துக்கும் ஒதுங்கிய ஒரு மூலையைச் சொன்னார். என் கண்ணுக்கு அது சுமாரான இடம். அன்றைக்குத்தான் கடற்கரையில் மிக நன்றாகத் தூங்கினேன்.

உங்கள் தை மாதத்துக்கென்றே இன்னொரு விஷயம் இருக்கிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ராத்திரியில் நம் கரைக்கு ஏறி வரும். பாதுகாக்கப்பட்ட உயிரினம், 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வழியில் டென்டும் வெளிச்சமும் இருந்தால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிப் போகும். குஞ்சுகள் வெளிச்சம் உள்ள பக்கத்தைத்தான் கடல் என்று நம்பிப் போகும், உங்கள் எல்.இ.டி. விளக்கு அவற்றை ரோட்டுப் பக்கம் கூட்டிப் போய்விடும். முதல் தடவை கடற்கரை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நெருப்பு, பாட்டு, விளக்கு இல்லாமல் முதல் தடவை வருகிறவர்கள் இருக்க மாட்டீர்கள்.

கரையை ஒட்டிய சவுக்குத் தோப்பு நடுவழியாகத் தோன்றும். காற்றைத் தடுக்கும், கீழே ஊசியிலை மெத்தை, நல்ல நிழல். ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். கம்புக்காக நடுகிற சவுக்கு மீட்டருக்கு ஒன்றாக நிற்கும், நாலு பேர் டென்டை எங்கே விரிப்பது? ஓரத்தில்தான் இடம் கிடைக்கும். ஓரம் என்றால் கடல் பக்கத்து ஓரம் வேண்டாம், ஊர்ப் பக்கத்து ஓரம். அங்கே அடுப்புப் பற்றவைக்கவே கூடாது, காய்ந்த சவுக்கு இலை பெட்ரோல் மாதிரி. புயல் சின்னம் என்று வானொலியில் ஒரு வார்த்தை வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது சவுக்கு, முந்திரி, பலா எதுவும் தப்பவில்லை. பண்ருட்டிப் பக்கம் பாட்டன் காலத்துப் பலாமரங்கள் வேரோடு கிடந்தன.

இனி முந்திரித் தோப்பு. முந்திரிக் கிளை தரையைத் தொடும்படி தாழ்ந்து படரும், மரத்தடியில் டென்ட் போக இடம் இருக்காது. நாலு மரத்துக்கு நடுவில் இருக்கும் வெட்டவெளிதான் உங்கள் இடம். கிழக்கே ஒரு பெரிய மரம் இருக்கிற மாதிரி பாருங்கள். தையில் ஆறரைக்குச் சூரியன் வரும், எட்டு மணிக்குள் டென்ட் இட்லிக் குண்டான் ஆகிவிடும், கிழக்கில் நிழல் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம். செம்மண்ணில் ஆணி நன்றாகப் பிடிக்கும். ஆணியின் தலை டென்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், நேராக அடித்தால் பிடுங்கிக்கொள்ளும். சரளைக்கல் தட்டினால் அடித்து வளைக்காமல் அரை அடி தள்ளி அடியுங்கள். காய்ந்த முந்திரி இலைமேல் நாய் நடந்தாலும் சத்தம் கேட்கும், அது ஒரு காவல்.

தலைக்கு மேலே பார்ப்பதை மட்டும் மறக்காதீர்கள். பட்டுப்போன கிளை காற்றே இல்லாத ராத்திரியிலும் விழும். தென்னை, பனைக்கு அடியில் எப்போதும் வேண்டாம். காய் விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், காய்ந்த மட்டை விழுந்தாலும் டென்டின் கம்பி முறியும். ஒற்றைப் பனை இடியை வாங்கும். தையில் இடி அபூர்வம், சித்திரை வைகாசியிலும் ஆவணி புரட்டாசியிலும் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கிளையில் இலைகளை ஒட்டித் தைத்தது போல உருண்டையாக ஏதாவது தெரிந்தால் அது முசுறு எறும்புக் கூடு. அந்த மரத்துக்குக் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள்.

புற்று, எலி வளை, செங்கல் குவியல், விறகுக் கட்டு, வைக்கோல் போர் இவற்றிலிருந்து நல்ல தூரம் தள்ளிப் போடுங்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வயல் வரப்பை ஒட்டிப் போடக் கூடாது என்பதும் இதனால்தான். நம் பக்கத்தில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை, கட்டு விரியன் நாலும் உண்டு. கட்டு விரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிப்பது, பல சமயம் வலியே தெரியாது. ஜிப்பை மூடிய டென்ட் இதற்கு நல்ல பாதுகாப்பு, ஒவ்வொரு முறையும் மூடினால். செருப்பை உள்ளே வையுங்கள், காலையில் உதறிப் போடுங்கள். ராத்திரி ஒதுங்கப் போனால் டார்ச் இல்லாமல் ஓரடியும் வேண்டாம். கடித்துவிட்டால் கீறுவது, கட்டுவது, வேர் அரைப்பது எதுவும் கிடையாது. 108, நேராக அரசு மருத்துவமனை. தூங்கப் போகும் முன்பே போனில் சிக்னல் எங்கே கிடைக்கிறது, வண்டி எந்த வழியாக வெளியே போகும் என்று பார்த்து வையுங்கள்.

பாம்பைவிட எனக்குப் பயம் வேலிக் கம்பிதான். காட்டுப்பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக மின்சாரம் விடுவார்கள். சட்டப்படி தப்பு, ஆனால் செய்கிறவர்கள் செய்கிறார்கள். ராத்திரியில் அடுத்த கொல்லைக்குள் நுழையாதீர்கள். இதையும் தோப்புக்காரரிடம் வாய்விட்டே கேளுங்கள்: "அண்ணே, பக்கத்துல யாராவது கம்பி போட்டிருக்காங்களா?" அவருக்குத் தெரியும்.

அவரிடம் எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும். மாசி பங்குனியில் கொட்டை விழத் தொடங்கிவிட்டால் திருட்டுக்குப் பயந்து ராக்காவல் இருக்கும், இருட்டில் டார்ச் அடிக்கிற நாலு பேரைப் பார்த்தால் விசாரணை பிறகுதான் நடக்கும். தையில் அந்த நெருக்கடி இல்லை. பூக்கிற காலம் என்பதால் மருந்து அடித்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டியே பகலில் ஒருநாள் போய்ப் பேசிவிட்டு வருவது மரியாதை. உங்களுக்கும் நாலு மணி அவசரம் இல்லாமல் இடத்தைப் பார்த்த மாதிரி ஆகும். பிச்சாவரம் அலையாத்திக் காடு, ஊசுட்டேரி போன்ற வனத்துறை இடங்களில் உங்கள் இஷ்டத்துக்கு டென்ட் போட முடியாது, அங்கே முயற்சியே வேண்டாம்.

டென்டின் வாசல் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தையில் வாடைக் காற்று, வடகிழக்கிலிருந்து வரும். வாசலைத் தெற்கே வைத்துவிடுங்கள், ஒல்லியான பக்கம் காற்றுக்கு முகம் காட்டட்டும். காற்று அறவே இல்லாத மூலையும் வேண்டாம், அங்கே கொசு பிய்த்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. நாலு பேர் டென்ட் என்று பெட்டியில் போட்டிருந்தால் மூணு பேருக்கும் மூணு பைக்கும்தான் சரியாக இருக்கும். நாலு பேர் மூச்சு விட்டால் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும், வெளியே தைப்பனி. மேலே இருக்கும் காற்றுக் கண்ணை மூடாதீர்கள். காலையில் டென்ட் நனைந்திருப்பதைப் பார்த்து ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அது உங்கள் மூச்சுதான். ஒன்பது மணி வெயிலில் முந்திரிக் கிளைமேல் விரித்துப் போட்டு, அடிப்பக்கமும் காய்ந்த பிறகு மடியுங்கள். ஈரத்தோடு பையில் திணித்தால் அடுத்த தடவை பிரிக்கும்போது பூசண வாடையில் உள்ளே நுழையவே முடியாது.